தொட்டிக்குள் ஆள் இறங்க வேண்டாம்



சென்ற மழைக்காலத்தில் ஒரு மாலை, ஹட்டன் பக்கத்து இளைஞர் ஒருவர் எம்மைத் தேடி வந்தார். அவருடைய பாட்டனார் 1977ஆம் ஆண்டுக் கலவரத்துக்குப் பின் தோட்டத்தை விட்டு வவுனியாவுக்குப் போய், காடு வெட்டி வயல் செய்தவர். போர் அந்த வயலையும் பறித்தது. பேரனோ மீண்டும் மலைக்கே வந்து, உறவினர் லயத்தில் ஒதுங்கி, பிறகு வெளியூரில் ஒரு கால்நடைத் தீவன ஆலையில் கூலி வேலைக்குச் சேர்ந்தார்.

வேலைக்குச் சேர்ந்து இரண்டாம் வாரம், தவிட்டுத் தொட்டி அடைத்துக்கொண்டது. "தம்பி, நீ ஒல்லியான ஆள். உள்ளே இறங்கிக் கம்பியால் குத்திவிடு" என்றார்கள். இறங்கினார். குத்தினார். காலுக்குக் கீழே தவிடு திடீரென்று உடைந்து ஓடியது. நெஞ்சுவரை புதைந்துவிட்டார். வெளியே நின்ற ஒரு பெரியவர் ஓடிப்போய் மோட்டாரை நிறுத்தியதால் உயிர் தப்பினார்.

"சுவாமி, காற்றை ஊதி, ஒலியாலேயே அடைப்பைத் தட்டி இறக்கும் ஒரு கருவி உண்டாமே. அது உண்மையா? நாங்கள் சில குடும்பங்கள் சேர்ந்து மாட்டுத் தீவனம் கலக்கும் சிறு ஆலை ஒன்று தொடங்க இருக்கிறோம். அதைப் பூட்டலாமா?" என்று கேட்டார்.

உண்மைதான். அப்படி ஒரு கருவி உண்டு. அதைப் பற்றி நாம் அறிந்ததை இங்கே எழுதுகிறோம். ஆலை தொடங்கும் எண்ணம் உங்களுக்கு இல்லாமல் இருக்கலாம். ஆனாலும் வாசியுங்கள். போரால் நிலம் இழந்தவர்களும், 2014 ஒக்டோபரில் மீரியபெத்தையில் மண் சரிந்தபோதும் 2025 நவம்பரில் டித்வா புயல் வந்தபோதும் வீடும் தோட்டமும் இழந்தவர்களும் இன்று மா ஆலைக்கும் அரிசி ஆலைக்கும் சீமெந்துக் களஞ்சியத்துக்கும் கூலிக்குப் போகிறார்கள். அங்கே தொட்டி அடைத்தால் உள்ளே இறக்கப்படுபவர் பெரும்பாலும் புதிதாக வந்தவரே. அந்தப் புதியவர் உங்கள் வீட்டுப் பிள்ளையாக இருக்கலாம்.

தூள் ஏன் அடைக்கிறது?

நாம் வீட்டில் ரொட்டி சுடும் கோதுமை மா, கப்பலில் கோதுமையாக வந்து, திருகோணமலை சீனன்குடா போன்ற இடங்களில் உயர்ந்த கோபுரக் களஞ்சியங்களில் தங்கி, அரைபட்டு, பிறகே சாக்குக்கு வருகிறது. சீமெந்தும் அப்படியே. நுரைச்சோலை அனல்மின் நிலையத்தில் நிலக்கரி எரிந்து மிஞ்சும் சாம்பலும் அப்படியே. இந்தக் கோபுரத்தைச் சைலோ என்பார்கள். அதன் அடிப்பகுதியும், சிறிய ஆலைகளின் தொட்டிகளும் புனல்போல் கீழே ஒடுங்கும். அந்த ஒடுங்கிய பகுதியை ஹொப்பர் என்பார்கள்.

தண்ணீரைத் தொட்டியில் விட்டால், வாயைத் திறந்ததும் முழுவதும் ஓடிவிடும். தூள் அப்படியல்ல. அதன் துணிக்கைகள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும், சுவரையும் பிடித்துக்கொள்ளும். ஜேர்மன் பொறியியலாளர் ஜான்சன் என்பவர் 1895ஆம் ஆண்டிலேயே தானியக் களஞ்சியங்களை ஆராய்ந்து, உயரமான களஞ்சியத்தில் தானியத்தின் பாரத்தில் பெரும்பகுதியை அடித்தளமல்ல, சுவரே உராய்வினால் தாங்குகிறது என்று காட்டினார். எனவே வாயைத் திறந்தாலும் மேலேயுள்ள பாரம் முழுவதும் கீழே தள்ளும் என்று எண்ணக் கூடாது.

அடைப்பு இரண்டு விதமாக வரும். ஒன்று, வாய்க்கு மேலே தூள் ஒரு பாலம்போல் வளைந்து நின்றுவிடும். கீழே வெற்றிடம், மேலே பல தொன் பாரம். மற்றது, நடுவில் எலிப்பொந்துபோல் ஒரு துளை மட்டும் இறங்கி, சுற்றிலும் தூள் மதிலாக ஒட்டி நிற்கும்.

மலைநாட்டில் இந்தத் தொல்லை கூடும். எமது பனியும் தூறலும் கூரைத் தகரத்தின் உட்பக்கத்தில் வியர்த்து, துளித்துளியாகத் தொட்டிக்குள் விழும். தவிட்டில் இயல்பாகவே எண்ணெய் உண்டு. ஈரமும் எண்ணெயும் சேர்ந்தால் கட்டிபிடிக்கக் கேட்க வேண்டியதில்லை. மழைக்காலத்தில் டொலமைட் சாக்கு கல்லாக இறுகுவதைத் தோட்டத்தில் வேலை செய்த எவரும் கண்டிருப்பீர்கள்.

இறங்கியவர் ஏன் திரும்புவதில்லை?

பாலத்தின்மேல் நிற்பவருக்குத் தாம் நிலத்தில் நிற்பதாகவே தோன்றும். குத்தியதும் பாலம் உடையும். அவரும் அதனோடு விழுவார். மேலேயுள்ளது அவர்மேல் விழும். ஒட்டி நிற்கும் மதிலும் அவ்வாறே சரியும். கீழ்வாய் திறந்து தானியம் ஓடிக்கொண்டிருந்தால், சில செக்கன்களில் முழங்கால் புதையும். அரை நிமிடத்துக்குள் தலையும் மறைந்துவிடலாம். இடுப்புவரை புதைந்தவரைக் கயிறு கட்டி இழுத்தாலும் எளிதில் வரமாட்டார். பலவந்தமாக இழுத்தால் உடல்தான் காயப்படும்.

காற்றும் ஒரு ஆபத்து. ஈரத்தில் பழுதான தவிடும் தானியமும் உள்ளேயுள்ள ஒட்சிசனைக் குறைத்துவிடும். இறங்கியவர் மயங்கி விழுவார். அவரைத் தூக்க இன்னொருவர் இறங்குவார், அவரும் விழுவார். மூடிய தொட்டி எதுவானாலும் கதை இதுதான். 2018 ஏப்ரலில் ஹொரணையில் ஒரு றப்பர் தொழிற்சாலையில் அமோனியாத் தொட்டிக்குள் ஒருவர் விழ, காப்பாற்றப் போனவர்களும் சேர்ந்து ஐவர் இறந்தார்கள். நல்ல மனதோடு ஓடியவர்களே இறந்தார்கள் என்பதை நாம் மறக்கக் கூடாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பழைய கிணற்றில் இறங்குமுன் விளக்கை இறக்கிப் பார்ப்பது எம்மவர் வழக்கம். மா, தவிடு, மரத்தூள், தேயிலைத் தூசு உள்ள தொட்டியில் அதைச் செய்யவே கூடாது. காற்றில் எழும்பிய தூசு தீயைக் கண்டால் வெடிக்கும். 1785ஆம் ஆண்டு இத்தாலியின் தூரின் நகரில் ஒரு மாக் களஞ்சியம் விளக்குத் தீயால் வெடித்தது. 2008ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்தில் ஒரு சீனி ஆலையில் சீனித் தூசு வெடித்து 14 பேர் மாண்டார்கள். வீட்டில் நாம் பாவிக்கும் மாவும் சீனியும்தான் இவை.

ஒலி எப்படி வேலை செய்கிறது?

காமன் கூத்து நாட்களில் தப்பு அடிக்கும்போது லயத்தின் கூரைத் தகரம் அதிர்வதைக் கேட்டிருப்பீர்கள். தப்பு தகரத்தைத் தொடவில்லை. தோலின் அதிர்வு காற்றை அதிரச் செய்தது. காற்று தகரத்தை அதிரச் செய்தது. இந்தக் கருவியின் இரகசியமும் அவ்வளவே.

இதை நாம் ஒலிக்கொம்பு என்று அழைப்போம். அதன் பின்பக்கத்தில் தப்புத் தோலைப்போல் ஒரு மெல்லிய உலோகத் தகடு உண்டு. பெரும்பாலும் தைத்தேனியத்தால் ஆனது. கொம்பிறசரில் அமுக்கிய காற்று அந்தத் தகட்டைத் தள்ளிக்கொண்டு வெளியேறும்போது தகடு வேகமாக அதிரும். முன்னால் உள்ள கொம்பு அந்த ஒலியைப் பெருக்கித் தொட்டிக்குள் செலுத்தும். சாதாரணமாக 4 முதல் 6 பார் அமுக்கம் தேவை. அதாவது சதுர அங்குலத்துக்கு ஏறக்குறைய 60 முதல் 90 இறாத்தல். ஒலி தடித்த தாழ்ந்த ஒலி: செக்கனுக்கு 60 முதல் 400 வரையான அதிர்வுகள். தாழ்ந்த ஒலி தூரம் போகும். பெரிய சைலோவுக்கு அதுவே ஏற்றது. சிறு தொட்டிக்குச் சற்று உயர்ந்த ஒலி போதும்.

இந்த ஒலி துணிக்கைகளை ஒன்றிலிருந்து ஒன்றும், சுவரிலிருந்தும் விலகும்படி அசைக்கிறது. பிடி விட்டதும் தூள் தன் பாரத்தாலேயே இறங்குகிறது. எந்நேரமும் ஊதத் தேவையில்லை. சில நிமிடங்களுக்கு ஒருமுறை பத்துச் செக்கன் அளவில் ஊதினால் போதும். அடைத்த பிறகு உடைப்பதைவிட, அடைக்காமல் காப்பதே இதன் வேலை.

இதனால் ஆகாதவையும் உண்டு. நனைந்து களியான பொருளையும், மொலாசஸ் கலந்து பிசுபிசுத்த தீவனத்தையும், பல மாதம் கிடந்து கல்லாக இறுகியதையும் இது அசைக்காது. உலர்ந்த தூளுக்கும் மணிக்குமே இது உதவும்.

வாங்குமுன் பார்க்க வேண்டியவை

கருவி விற்பவர் கருவியைத்தான் சொல்வார். செலவில்லாத வழிகளை நாம் முதலில் பார்க்க வேண்டும்.

அன்ட்ரூ ஜெனிக் என்ற அறிஞர் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்து 1964ஆம் ஆண்டு ஒரு நூல் வெளியிட்டார். ஒரு தூளின் தன்மையை அளந்தால், அது தடையின்றி இறங்கத் தொட்டியின் சரிவு எவ்வளவு செங்குத்தாக இருக்க வேண்டும், வாய் எவ்வளவு அகலமாக இருக்க வேண்டும் என்பதைக் கணக்கிடலாம் என்று அவர் காட்டினார். எனவே அடைப்புக்குத் தூளை மட்டும் குறை சொல்லாமல், தொட்டியின் வடிவையும் பாருங்கள். சரிவு போதாத தொட்டி, வாய் குறுகிய தொட்டி என்றும் அடைக்கும். உட்சுவர் வழவழப்பாக உள்ளதா? கூரை ஒழுகுகிறதா? மூடி சரியாக மூடுகிறதா? முதலில் போட்டது முதலில் வெளியேறுகிறதா, அல்லது ஓரத்தில் பழையது தங்கிவிடுகிறதா? வேலை முடியும் நாட்களில் தொட்டியைக் காலியாக்குகிறீர்களா?

சுத்தியலால் வெளியே அடிப்பது பலரின் வழக்கம். இரும்புச் சுத்தியலால் அடித்தால் தகரம் உட்பக்கம் குழியும். அந்தக் குழியே அடுத்த அடைப்புக்கு இடமாகும். தட்டத்தான் வேண்டுமானால் மரச் சுத்தியலோ றப்பர்ச் சுத்தியலோ பாவியுங்கள். ஒன்றிரண்டு தொன் கொள்ளும் சிறு தொட்டிக்கு, வெளியில் நின்றபடியே நீண்ட கழியை நுழைக்க மூடியுடன் ஒரு துவாரம் வைத்தாலே பல தொல்லைகள் தீரும். கழியை நுழைக்குமுன் கீழேயுள்ள திருகாணிக் கடத்தியை நிறுத்த வேண்டும். இல்லையேல் அது கழியைப் பிடித்துக் கையை இழுத்துவிடும்.

இவற்றையெல்லாம் செய்தும் அடைத்தால், ஒலிக்கொம்பை நினைக்கலாம்.

பூட்டும்போது கவனிக்க வேண்டியவை

1. தொட்டியைக் காலியாக்குங்கள். பூட்டும் இடத்தில் தகரத்தை வெட்டவும் வெல்டிங் செய்யவும் வேண்டியிருக்கும். உள்ளே தூசு இருக்கும்போது ஒரு தீப்பொறி போதும். முதலில் தூளையும் தூசையும் முற்றாக அகற்றிய பிறகே வெல்டிங். தூசை அமுக்கக் காற்றால் ஊதிப் பறக்க விடாதீர்கள். கூட்டி, ஈரத் துணியால் துடைத்து எடுங்கள்.

2. இடத்தைத் தெரிவு செய்யுங்கள். சுவரில் ஒட்டுவதே தொல்லையென்றால் கூரையில், வாய் கீழ்நோக்கி. வாய்க்கு மேலே பாலம் கட்டுவதே தொல்லையென்றால் ஒடுங்கும் பகுதியின் பக்கத்தில். பக்கத்தில் வைக்கும்போது தூள் கொம்பின் வாயை நிரப்பாதபடி சரித்து வையுங்கள். நிரம்பிய கொம்பு ஊதாது.

3. தாங்கும் பலத்தைப் பாருங்கள். பெரிய கொம்பைத் தூக்க இரண்டு மூன்று பேர் வேண்டும். அதோடு அது நாள் முழுவதும் அதிரும். மெல்லிய தகரம் வெடித்துவிடும். தடித்த தகடு வைத்து வலுப்படுத்தி, தளராத நட்டுகளால் இறுக்குங்கள். தவறி விழாமல் இருக்க ஒரு சங்கிலியும் கட்டுங்கள். முதல் வாரத்தில் நாளுக்கு ஒருமுறையும், பிறகு மாதம் ஒருமுறையும் நட்டுகளையும் வெல்டிங் ஒட்டுகளையும் பார்வையிடுங்கள்.

4. காற்று உலர்ந்ததாக இருக்கட்டும். அமுக்கிய காற்றிலிருந்து தண்ணீர் பிரியும். எமது குளிரில் இன்னும் கூடுதலாகப் பிரியும். அது தகட்டையும் கெடுக்கும், தூளையும் நனைக்கும். கொம்புக்கு முன்னால் வடியும், அமுக்கத்தைச் சீராக்கும் கருவியும் வேண்டும். கொம்பிறசர்த் தாங்கியின் அடியில் சேரும் தண்ணீரை நாள்தோறும் திறந்து விடுங்கள். தண்ணீர் தேங்கிய தாங்கி உள்ளே துருப்பிடித்து ஒருநாள் வெடிக்கும். பாதுகாப்பு வால்வை யாரும் இறுக்கவோ அடைக்கவோ கூடாது.

5. கடைசித் துண்டு வளையும் குழாயாக இருக்கட்டும். இறுகிய இரும்புக் குழாயை நேரே கொம்பில் பூட்டினால் அதிர்வால் ஒட்டுகள் விடும். வளையும் குழாய் கழன்றால் பாம்புபோல் அடிக்கும். எனவே அதன் இரு முனைகளையும் கம்பியால் பிணைத்து வையுங்கள்.

6. கைக்கெட்டும் இடத்தில் பூட்டக்கூடிய வால்வு வையுங்கள். மூடியதும் குழாயில் தங்கிய காற்றை வெளியேற்றுவதாக அது இருக்க வேண்டும். பழுது பார்ப்பவர் வால்வை மூடி, தம்முடைய பூட்டைப் போட்டு, திறப்பைத் தம் சட்டைப் பையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். மூன்று பேர் வேலை செய்தால் மூன்று பூட்டுகள். மின்சாரச் சுவிச்சுக்கும் இதே விதி.

7. தூள் இறங்கும்போது மட்டும் ஊதட்டும். வாய் திறந்து, கீழேயுள்ள கடத்தி ஓடும்போது மட்டுமே கொம்பு ஊதும்படி மின் இணைப்புச் செய்யுங்கள். வாய் மூடியிருக்கும்போது ஊதுவதில் பயனில்லை. பிடி விட்ட தூளுக்குப் போக வழி இருக்காது. மேல் மூடி திறந்திருந்தால் கொம்பு ஊதாதபடியும் இணைப்பு இருக்க வேண்டும்.

8. மின் வேலையைத் தெரிந்தவரிடம் விடுங்கள். தூசு உள்ள இடத்தில் சாதாரண சுவிச்சும் வால்வும் பொறி கக்கலாம். தூசு புகாத, அதற்கென்றே செய்த பொருட்களைப் பாவிக்க வேண்டும். தொட்டிக்கும் கொம்புக்கும் நிலத்தொடுப்பு அவசியம்.

காதைக் காப்பாற்றுங்கள்

ஒலிக்கொம்பின் வாய்க்கு அருகே ஒலி 140 டெசிபெல் அளவை எட்டும். சில அதையும் தாண்டும். பல நாடுகள் ஏற்றுள்ள அளவின்படி, 85 டெசிபெலில் ஒருவர் 8 மணித்தியாலம் வேலை செய்யலாம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபெலுக்கும் நேரம் பாதியாகும். 88க்கு 4 மணித்தியாலம். 91க்கு 2 மணித்தியாலம். 100க்கு 15 நிமிடம் மட்டுமே. 140 என்பது ஒரே கணத்தில் காதைக் கெடுக்கக்கூடியது. காதடைப்பான் போட்டாலும் 20 முதல் 30 டெசிபெல் வரையே குறையும். ஆகவே அடைப்பான் போட்டுவிட்டேன் என்று கொம்பின் அருகே போகக் கூடாது. ஊதும் நேரத்தில் மூடியைத் திறந்து எட்டிப் பார்க்கவும் கூடாது.

காது கெட்டால் திரும்ப வராது. வலியில்லாமலே கெடும், குழந்தை கூப்பிடுவது கேட்காதபோதுதான் தெரியவரும்.

கொம்பு தொட்டிக்குள்ளே ஊதுவதால் வெளியே ஒலி குறையும். ஆனால் மெல்லிய தகரத் தொட்டியில் அவ்வளவு குறையாது. வெளியே நீளும் பகுதிக்கு ஒலியடக்கும் உறை போடுங்கள். ஊதுமுன் எச்சரிக்கை விளக்கு எரியட்டும். தமிழிலும் சிங்களத்திலும் அறிவிப்புப் பலகை வையுங்கள்; வாசிக்கத் தெரியாதவருக்குக் காதைப் பொத்தும் படம் வரையுங்கள். லயமும் பாலர் நிலையமும் ஆலைக்கு அருகே உள்ளன என்றால், அவர்களோடு முதலில் கதையுங்கள். இரவில் ஊத வேண்டாம்.

மாறாத விதி

கொம்பு பூட்டிய பிறகும் ஒருநாள் அடைக்கும். அன்று முதலில் தோன்றும் எண்ணம், "கொஞ்சம் உள்ளே இறங்கிப் பார்ப்போமா?" என்பதுதான். வேண்டாம். வெளியிலிருந்து செய்யக்கூடியதை எல்லாம் செய்யுங்கள். முடியாவிட்டால் தொட்டியின் பக்கத்தைத் திறந்து வெறுமையாக்குங்கள். ஒருநாள் தீவனம் நட்டமாகலாம்; அதைப் பொறுத்துக்கொள்வோம்.

காலியான தொட்டிக்குள் துப்புரவு வேலைக்காக இறங்கத்தான் வேண்டுமென்றால், எல்லா மோட்டாரையும் காற்றையும் நிறுத்திப் பூட்டி, காற்றைக் கருவியால் சோதித்து, இடுப்புப் பட்டியும் கயிறும் கட்டி, வெளியே ஒருவர் இடைவிடாது காவல் நிற்க வேண்டும். அவர் எக்காரணம் கொண்டும் உள்ளே இறங்கக் கூடாது. இவற்றில் ஒன்று குறைந்தாலும் இறங்க வேண்டாம்.

கூலிக்குப் போகும் பிள்ளைகளுக்கு ஒரு சொல். 1942ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் தொழிலாளியின் பாதுகாப்பைத் தொழிற்சாலை நடத்துபவரின் கடமையாக்கியுள்ளது. தொழில் திணைக்களத்தில் தொழிற்சாலைகளைப் பரிசோதிக்கும் பொறியியலாளர்கள் இருக்கிறார்கள். வேலையில் காயப்பட்டால் 1934ஆம் ஆண்டின் வேலையாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் உண்டு. ஆனால் நட்டஈடு உயிரைத் தராது. "நான் இறங்க மாட்டேன், முதலில் மோட்டாரைப் பூட்டுங்கள்" என்று சொல்லப் பழகுங்கள். தனியாகச் சொல்லப் பயமென்றால் நால்வராகச் சேர்ந்து சொல்லுங்கள்.

அந்த இளைஞரும் அவரோடு சேர்ந்த குடும்பங்களும் கூடிக் கதைத்தார்கள். அவர்களுடைய தொட்டி சிறியது. எனவே இப்போதைக்குக் கொம்பு வாங்குவதில்லை என்றும், தொட்டியைச் செங்குத்தான சரிவோடும் அகன்ற வாயோடும் செய்து, கூரையை ஒழுகாமல் போடுவதென்றும் முடிவு செய்தார்கள். ஆலை வளர்ந்தால் கொம்பைப் பற்றி மீண்டும் பார்ப்பார்கள். ஆனால் ஒரு பொருளை முதல் நாளே வாங்கிவிட்டார்கள்: தொட்டி மூடிக்கு ஒரு பூட்டு. திறப்பை வைத்திருப்பவர் அந்த இளைஞரின் தாயார்.

நிலத்தை இழந்தோம், வீட்டை இழந்தோம். எஞ்சியிருப்பது பிள்ளைகள். ஒரு தொட்டித் தவிட்டுக்காக அவர்களை இழக்க வேண்டாம்.